பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை

'அந்தித்திரி' அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் பொய் சொல்லும் என்பது கோழிக்கோட்டில் பத்திரிகைத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பத்து நிமிடப் பொய். அந்தித்திரி சாயங்காலப் பத்திரிகை. மதியம் அச்சாகி, கட்டுகள் கண்ணூர் பாசஞ்சரில் ஏறியாக வேண்டும். ரயிலை விட்டால் வடகரையிலும் தலசேரியிலும் அன்றைய செய்தி மீன் பொதியத்தான் உதவும். அதனால் என்றோ ஒரு புண்ணியவான் கடிகார முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். செய்தி டெஸ்க்கில் இருப்பவர்கள் பயந்துபோய்ச் சுறுசுறுப்பாக வேலை செய்வார்கள் என்பது அவர் கணக்கு. பத்திரிகைக்காரர்களா பயப்படுவார்கள்? ஒரே வாரத்தில் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அன்றிலிருந்து புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கு முன்பே பத்தைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஷிம்னாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. நிரந்தரம் ஆகும் என்று ஒவ்வொரு ஓணத்துக்கும் சொல்வார்கள்; ஓணம் வரும், போகும். பழைய சர்வர் செத்துப்போனபோது, காசு கொடுத்து வாங்க வேண்டாம், லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொன்னவள் அவள்தான். போட்டும் கொடுத்தாள். லினக்ஸின் சின்னம் ஒரு பெங்குவின்; டெஸ்க் சர்வரைக் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். டெஸ்க்கில் இருக்கிற விண்டோஸ் மெஷின்கள் எல்லாம் அந்த லினக்ஸ் சர்வரின் கதவைத் தட்டித்தான் படங்களையும் விளம்பரங்களையும் பக்கங்களையும் எடுக்க வேண்டும். சர்வர் ஆளை அடையாளம் பார்த்துக் கதவைத் திறக்கும். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிற்று. ஷிம்னா சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பிறவியா அவள்? சிவப்பு எண்கள் மின்னுகிற புதுக் கடிகாரம் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள். அது தானாக ஓடாது. கம்பி வழியாக சர்வரிடம் கேட்டுக் கேட்டு நேரம் காட்டும். நொடி பிசகாது. "இனிமே யாரும் எதையும் கழிக்க வேண்டாம்" என்று டெஸ்க்கில் பெருமையாக அறிவித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் தலை நிமிர்ந்து போனாள்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன். பக்கங்கள் தாமதமாக முடிந்தன. ஒரு நாள் கட்டுகள் ஓடுகிற ரயிலில் எறியப்பட்டன. இன்னொரு நாள் ரயிலே போய்விட்டது. மேனேஜர் உம்மர்கோயா டெஸ்க்குக்கு வந்து காரணம் கேட்டார். டெஸ்க் என்ன சொல்லும்? வாயில்லாப் பூச்சி ஒன்று இருக்கிறதே, அதன் தலையில் போட்டது.

"சர்வர் ஸ்லோ சார்."

அவ்வளவுதான். உம்மர்கோயா ஷிம்னாவை அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா நான் கொச்சிக் கம்பெனிக்குக் கொடுத்துருவேன். விண்டோஸ் சர்வர், அவங்க ஆளு, அவங்க பொறுப்பு. அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை இருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ."

ஷிம்னாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சர்வரைக் குடைந்து குடைந்து பார்த்தாள். அது ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போன தாய் மாதிரி விழித்தாள்.

இது இப்படி இருக்க, திங்கட்கிழமை காலை அவள் வந்து பையைக்கூட வைக்கவில்லை, பக்கம் போடுகிற ரம்லத் இத்தாவின் குரல் மாடியெல்லாம் கேட்டது.

"எடீ ஷிம்னா! உன் பெங்குவின் கதவைச் சாத்திட்டு உக்காந்துருக்கு, வந்து என்னன்னு கேளு!"

"என்ன இத்தா சொல்லுது?"

"பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது. கொடுத்தா மறுபடியும் கேக்குது. என் மாமியாகூட ஒரு தடவை சொன்னா நம்பிடுவா."

ரம்லத்துக்கு மட்டும் இல்லை, டெஸ்க்கில் எல்லா மெஷின்களும் அப்படித்தான் இருந்தன. மெஷின் திறக்கிறது, சர்வரில் இருக்கிற பொது ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. முந்தின நாள் செவன்ஸ் கால்பந்து ஃபைனல் படங்கள், முதல் பக்கத்து நகைக்கடை விளம்பரம், பக்கங்களின் மாதிரி வடிவம், எல்லாம் உள்ளே. பென் டிரைவில் கொண்டு வரலாம் என்றாலும் அதற்கும் முதலில் உள்ளே நுழைய வேண்டுமே.

போதாத காலம் என்றால் எல்லாம் சேர்ந்துதானே வரும். கொச்சிக் கம்பெனிக்காரரை இடம் பார்க்க வரச் சொல்லி உம்மர்கோயா குறித்திருந்த நாளும் அதுவே. டின்சன் என்று பெயர். கோழிக்கோட்டு வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். உம்மர்கோயா அவரை அழைத்துக்கொண்டு டெஸ்க்குக்குள் நுழையவும் ரம்லத் கத்தவும் சரியாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் உம்மர்கோயா டின்சனிடம்.

ஷிம்னா ரம்லத்தின் மெஷினில் உட்கார்ந்து சர்வருக்கு பிங் அனுப்பினாள். பிங் என்பது 'இருக்கியா?' என்று ஒரு குரல் கொடுப்பது. 'இருக்கேன்' என்று சர்வர் சட்டென்று பதில் கொடுத்தது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில். கம்பி நன்றாக இருக்கிறது, விளக்குப் பச்சையாகக் கண் சிமிட்டுகிறது. ஆள் வீட்டில் இருக்கிறார், குரல் கொடுத்தால் பதிலும் சொல்கிறார், ஆனால் கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார். இதைவிட எரிச்சல் உண்டா?

இதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் வழியில் ஒரு பைக் நின்றுபோனால் நான்கு பேர் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். ஒரு அலுவலகமே நின்றால் கேட்கவா வேண்டும்.

"மேல் கூரையில எலி. நான் போன மாசமே சொன்னேன்" என்றார் பிழை திருத்துகிறவர்.

"உப்புக் காத்து மோளே. என் ஸ்டவ்வே ரெண்டு தடவை துருப்பிடிச்சுப்போச்சு" என்றார் சுலைமானிக் கட்டன் டீ கொண்டுவந்தவர்.

"வைரஸா இருக்கும்" என்றார் உம்மர்கோயா.

"ராத்திரி விண்டோஸ் அப்டேட் வந்துருக்கும்" என்று ஷிம்னா முணுமுணுத்தாள். டின்சன் உடனே நிமிர்ந்தார்.

"மேடம், எல்லா மெஷின்லயும் ஒரே நேரத்துல நிக்குதுன்னா தப்பு மெஷின்ல இல்ல, சர்வர்ல. ஓசியில வர்ற சாமான்ல இப்படித்தான் இருக்கும்."

"ஓசியில வர்றது காத்தும்தான் சார். நீங்க மூச்சு விடுறீங்கல்ல?" என்றார் ரம்லத். ஷிம்னாவை அவர் திட்டலாம், கொச்சிக்காரர் திட்டக்கூடாது.

டெஸ்க் தலைவர் பவித்ரன் மட்டும் ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. முப்பது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டுகிறவர். எல்லாருக்கும் பவியேட்டன், அதாவது பவி அண்ணன். அவர் புதுக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல மோளே, பதறாதே. இன்னிக்கு நேரம் இருக்கு. நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே ஓடுச்சு. நீ பாத்துடுவ."

அவர் அப்படிச் சொன்னது ஷிம்னாவுக்குத் தெம்பாக இருந்தது. அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. பத்தைக் கழித்தாள். ஒன்பது நாற்பது. சரி, இன்னும் நேரம் இருக்கிறது.

சர்வர் இருந்தது லைப்ரரி அறையின் மூலையில். பழைய இதழ்களைக் கட்டிக் கட்டி அடுக்கிய அறை அது. சர்வருக்கு எதிரே ஒரு பெஞ்சு. ஷிம்னா அங்கே போய் சர்வரின் ஃபயர்வால் என்கிற காவல் சுவரை ஒருமுறை இறக்கிப் பார்த்தாள். பயனில்லை. ஃபோல்டர்களைப் பகிர்கிற நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். ஓடியது, கதவு திறக்கவில்லை. டெஸ்க்குக்கு ஓடிவந்து ஒரு மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துச் சேர்க்கலாமா என்று யோசித்தாள். வேண்டாம், சேராமல் போனால் அந்த மெஷினும் போச்சு. மறுபடி லைப்ரரிக்கு ஓடினாள். அச்சுக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. பக்கம் எங்கே என்று கேட்டார்கள். மறுபடி வந்தது. மறுபடி கேட்டார்கள், இந்த முறை அவள் அப்பாவையும் சேர்த்து.

"இன்னிக்கு ரயில் போச்சுன்னா" என்று உம்மர்கோயா ஆரம்பித்து, முடிக்காமல் டின்சனுக்கு நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் எழுந்து போகமாட்டார். ஷிம்னாவுக்கு அந்த நாற்காலியைப் பார்க்கவே கண் கரித்தது.

பயம் வந்தவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியது கடைசியில்தான் நினைவுக்கு வரும். எந்த மெஷின் எப்போது கதவைத் தட்டியது, ஏன் திருப்பி அனுப்பினேன் என்று சர்வர் வரி வரியாகக் குறித்து வைக்கும். அதைத் திறந்து பார்க்காமலேயே அவள் இவ்வளவு நேரம் டெஸ்க்குக்கும் லைப்ரரிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அதைத் திறந்தாள்.

"இத்தா! இப்ப ஒரு தடவை முயற்சி பண்ணுங்க!" என்று லைப்ரரியிலிருந்தே கத்தினாள்.

"பண்ணிட்டேன்! உன் பெங்குவின் மாமியா திறக்கல!"

திரையின் அடியில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. ரம்லத்தின் மெஷின் பெயர், நேரம், காரணம். நேரம் பத்து ஐம்பது என்றிருந்தது. ஷிம்னா தன் ஃபோனைப் பார்த்தாள். பத்து நாற்பது.

இன்னும் வராத நேரத்தில் எழுதிய வரி.

காரணத்தைப் படித்தாள். இரண்டு பக்கத்துக் கடிகாரங்களுக்கும் வித்தியாசம் மிக அதிகம், அனுமதிக்க முடியாது என்றது சர்வர். ஐந்து நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தட்டுகிறவன் பழைய நுழைவுச் சீட்டைக் காட்டி ஏமாற்றுகிற திருடன் என்று முடிவு கட்டிவிடும். மெஷின்களின் நேரம் சரியாக இருந்தது. சர்வர்தான் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஷிம்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை அந்தக் கடிகாரத்தைப் பார்த்திருப்பாள்! ஒவ்வொரு தடவையும் பத்தைக் கழித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சரியான நேரம் கிடைத்திருக்கிறது. கழிக்க வேண்டாம் என்று ஊருக்கு உபதேசம் செய்தவளே கழித்திருக்கிறாள்! அவளே கழித்தால் டெஸ்க் கழிக்காமலா இருந்திருக்கும்? போன வாரம் முழுக்கச் சரியான கடிகாரத்தைப் பார்த்து, பத்தைக் கழித்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாகச் சுலைமானி குடித்திருக்கிறார்கள். பக்கம் தாமதமானது அதனால்தான். பழி விழுந்தது சர்வர் மேல்.

அடுத்த நொடி சிரிப்பு நின்றது. சர்வரின் நேரம் தானாக மாறாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். முன்பு தட்டிய கட்டளைகளைத் திரையில் மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்று சாயங்காலம், அவள் வீட்டுக்குப் போன பிறகு, நேரத்தை மாற்றும் கட்டளை. இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாவது முறை சரியாக. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவரின் தட்டல். திரையைப் பூட்டாமல் போவது அவள் பழக்கம். இந்தத் தூசிக்குள் யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. யார் வருவார்? எதிரே பெஞ்சு இருந்தது. அதில் தினமும் பத்திரிகை போன பிறகு ஒருவர்தான் படுப்பார். அவள் புதுக் கடிகாரத்துக்காகக் கட்டளை தட்டிய அன்றைக்கும் அந்தப் பெஞ்சில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். கண் முழுதாக மூடவில்லை போலிருக்கிறது.

ஷிம்னா நேரத்தைச் சரிசெய்தாள். ஒரே ஒரு வரி.

"திறந்துடுச்சூ!" என்று டெஸ்க்கிலிருந்து ரம்லத் கூவினார். கைதட்டல் கேட்டது. யாரோ விசில்கூட அடித்தார்கள். ஃபைனலில் கோல் விழுந்தால்தான் அங்கே விசில் அடிப்பார்கள்.

அதன் பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. ரம்லத்தின் விரல்கள் பறந்தன. பவித்ரன் தலைப்புகளை வெட்டித் தள்ளினார். கடைசிப் பக்கம் அச்சுக்கூடத்துக்குப் போய், கட்டுகள் ஏறிவிட்டன என்று ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் எல்லாரும் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

உம்மர்கோயா மட்டும் சாயவில்லை.

"என்னதான் ஆச்சு?"

"சர்வரோட நேரம் மாறியிருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"யாரு மாத்தினது?"

ஷிம்னா பவித்ரன் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"தெரியல சார். ஸ்கிரீனைப் பூட்டாமப் போனது என் தப்பு."

"தெரியலன்னா? நீதானே சர்வரைப் பாத்துக்குற? தானா நேரத்தை மாத்திக்குற சாமானை நம்பி நான் பத்திரிகை நடத்தணுமா?" உம்மர்கோயா டின்சனிடம் திரும்பினார். "நீங்க அந்தப் பேப்பரை எடுங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

டின்சன் பையைத் திறந்தார். ஷிம்னா அந்தப் பையையே பார்த்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தன் கையால் எழுப்பிய ஒன்றை, அது செய்யாத குற்றத்துக்காகத் தூக்கி வெளியே வைக்கப்போகிறார்கள். வாயைத் திறந்தால் ஒரு பெயர் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாற்காலி நகர்ந்தது. பவித்ரன் எழுந்து நின்றார்.

"நான்தான் மாத்தினேன்."

"என்னத்தை?"

"சர்வரோட நேரத்தை. கடிகாரம் சரியா ஓடுறதுனாலதான் போன வாரம் முழுக்க நாம லேட்டு. இது எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. பழையபடி பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சா எல்லாம் ஒழுங்காயிடும்னு நெனச்சேன். அந்தச் சனியன் கடிகாரத்துல திருக முள்ளும் இல்ல. சர்வர்ல தட்டினேன். கதவு சாத்திக்கும்னு எனக்கென்ன தெரியும்? காலையிலருந்து எலியோ அப்டேட்டோன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

எல்லார் தலையும் மேனேஜர் பக்கம் திரும்பியது. அப்புறம் உம்மர்கோயா சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"பவியேட்டா, இந்தப் பொண்ணைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க, புரியுது. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலே 'ஷிம்னா, ஷிம்னா'ன்னு ஊரைக் கூட்டுற ஆளு நீங்க. நீங்க லினக்ஸ்ல கட்டளை போட்டீங்களா?"

"போட்டேன்."

"நம்பமாட்டேன்."

முப்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதைச் சந்தேகப்பட்டே வாழ்ந்த மனிதர். தான் சொன்னதை ஒருவன் சந்தேகப்பட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. விடுவிடுவென்று லைப்ரரிக்குள் நடந்தார். கூட்டமே பின்னால் ஓடியது. பவித்ரன் சர்வரின் முன்னால் குனிந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ஒரு முறை தப்பியது. சபித்தார். மறுபடி குத்தினார். விசையைத் தட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

வெளியே டெஸ்க்கில் சிவப்பு எண்கள் பத்து நிமிடம் தாவின. அப்போதுதான் சாப்பிட்டு வந்து மெஷினைத் திறந்த விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் அலறல் எழுந்தது.

"ஐயோ! எங்க ஃபோல்டரைக் காணோம்!"

"இப்ப நம்புறியா?" என்றார் பவித்ரன்.

உம்மர்கோயா திரையைப் பார்த்தார், பவித்ரனைப் பார்த்தார், கடைசியில் டின்சனைப் பார்த்தார்.

"உங்க சர்வர்ல இப்படி நடக்குமா?"

டின்சன் டையைச் சற்றுத் தளர்த்தினார். பாவம், பொய் சொல்லத் தெரியாத விற்பனைக்காரர்.

"யாராவது நேரத்தை மாத்தினா எங்களோடதும் கதவைச் சாத்திக்கும் சார். அந்த விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"அப்ப உங்களுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்? சுலைமானி குடிச்சிட்டுக் கிளம்புங்க." அப்புறம் ஷிம்னாவிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ போய் அந்த விளம்பரக்காரங்க ஃபோல்டரைத் திறந்து விடு. ஸ்கிரீனைப் பூட்டக் கத்துக்கோ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய மன்னிப்பு அதுதான்.

ஷிம்னா நேரத்தைச் சரிசெய்து, திரையைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது போல விசையைத் தட்டியும் பார்த்தாள். வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரி இரண்டு வாங்கிக்கொண்டு அவள் டெஸ்க்குக்கு வந்தபோது பவித்ரனின் மேசையில் ஒரு காகிதம் இருந்தது. மேனேஜர் அறையிலிருந்து வந்த மெமோ. அனுமதியில்லாமல் அலுவலகச் சாதனத்தில் கை வைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தது. ஊரறியத் தப்பை ஒப்புக்கொண்ட பிறகு உம்மர்கோயாவால் கொடுக்காமல் இருக்க முடியாது. பவித்ரன் சிவப்புப் பேனாவை எடுத்து அதில் ஒரு வாக்கியத்தைப் பழக்கதோஷத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பவியேட்டா சொன்னீங்க?" ஷிம்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்ல?"

"என்னத்தைச் சமாளிச்சிருப்ப? பையைத் தூக்கிட்டுப் போயிருப்ப. அப்புறம் பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா நான் யாரைக் கூப்பிடறது? அந்த டை கட்டினவன் கொச்சியிலருந்து வர்றதுக்குள்ள ரயில் கண்ணூர்ல இருக்கும்." அவர் பழம்பொரியை ஒரு கடி கடித்தார். "அழாதடி. முப்பது வருஷத்துல முதல் மெமோ. ஒண்ணுகூட வாங்காம ரிட்டயர் ஆனா யூனியன் ஆபீஸ்ல எவன் என்னை மதிப்பான்?"

டெஸ்க் மொத்தமும் சிரித்தது. ரம்லத் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பவித்ரனும் சிரித்தார். ஆனால் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், எல்லாரும் திரும்பிய பிறகு அதை மறுபடி எடுத்துப் பிரித்துப் படித்ததை ஷிம்னா பார்த்துவிட்டாள்.